பழுத்த இலை – அத்தியாயம் 14: நாலு பல் தடம்

கணேஷ்குமார் வீட்டுக்குள் வருவானா மாட்டானா என்று சென்ற வாரம் அந்தரத்தில் நிறுத்திவிட்டதற்காகப் பலரும் என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். வந்துவிட்டான். ஆயுத பூஜையன்று காலை ஒன்பதே காலுக்கு அக்ரஹாரத்து வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். கால் வைக்கும் இடத்தில் அப்பாவின் பழைய தோல் பெட்டி இருந்தது.

ஆறு வருஷத்துக்குப் பிறகு வருகிறான். அதே ஊரில், மண்டி மொஹல்லாவில் அவன் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறான். அங்கிருந்து இந்த வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். வீம்புதான் வரவிடவில்லை.

இடையில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பாலன் ஹுன்சூரில் ஒரு புகையிலைக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் இலை தரம் பிரித்தவர். ஒரு இலையை மூக்கருகே பிடித்தால் எந்த மண்ணில் வளர்ந்தது, எப்படிப் பதமானது என்று சொல்லிவிடுவார். சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் துரைமார்கள் பங்களாக்களில் விட்டுப்போன பழைய பைப்புகளைக் பழைய சாமான் விற்கும் குஜரிக் கடை குஜரிக் கடையாகத் தேடி வாங்குவார். அப்படிச் சேர்ந்தவை முப்பத்தொன்று. ஊறுகாய் ஜாடிகளில் அடைத்து, வாயை மெழுகால் மூடி, வருஷம் எழுதி வைத்த புகையிலையும் உண்டு. பன்னிரண்டு வருஷம் ஆன இலை உலர்திராட்சை போல மணக்கும் என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பைப் பற்றவைப்பார். மற்ற நாளெல்லாம் துடைப்பதும் அடுக்குவதும்தான்.

"இந்த மனுஷன் பைப்பைப் பிடிக்கிறதுக்கா வாங்கறாரு? குளிப்பாட்டி பவுடர் போடறதுக்கு வாங்கறாரு" என்பாள் அவர் மனைவி லீலா.

அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை வந்ததும் புகையிலையால்தான். அலமாரி மேல்தட்டில் ஒரு தகர டப்பா இருக்கிறது. கம்பெனி மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. "உன் மகனுக்கு இருபத்தோரு வயது ஆகிற அன்று இரண்டு பேரும் சேர்ந்து திறங்கள், அதுவரை உள்ளே பழுக்கட்டும்" என்றாராம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த கணேஷ், இருபத்தோராவது பிறந்த நாளன்று சிநேகிதர்களைக் கூட்டிவந்து, டப்பாவை இறக்கி, மூடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். பாலன் அவனைக் கன்னத்தில் அறைந்தார்.

"அது உனக்கில்லடா" என்றார்.

"அப்ப யாருக்கு?" என்று கேட்டான் கணேஷ். பாலன் டப்பாவைப் பிடுங்கி மேல்தட்டில் வைத்தார். அன்று போனவன்தான்.

அவனைத் திரும்பக் கொண்டுவந்தது தங்கை தாரணியின் மூளை. பாலனுக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்று நாள் அம்மாவும் ஆஸ்பத்திரியில். அந்த நேரம் பார்த்துக் கட்டிலடியில் இருந்த பைப் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணனின் பட்டறைக்குப் போனாள்.

"நீ ஸாரி சொன்னா அப்பா காதுல போட்டுக்க மாட்டாரு. பைப்பை மினுக்கிக் கொடுத்தா என்ன பண்ணுவாரு? ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் துடைச்சு வைக்கணும்ல" என்றாள்.

பாலன் வீடு திரும்பி இரண்டு நாள் ஆகியும் பெட்டி இல்லாதது அவருக்குத் தெரியாது. குனியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணில் ஈரம் படக் கூடாது என்பவை மற்ற உத்தரவுகள். இன்று காலை காப்பி கொடுக்கும்போதுதான் தாரணி விஷயத்தைச் சொன்னாள். பாலன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்தொண்ணும்" என்றாள் அவள் பெருமையாக.

லீலா வாசலுக்கே போய் மகனின் தோளைத் தொட்டாள்.

"இளைச்சுப் போயிட்டே."

"போன வெள்ளிக்கிழமை மார்க்கெட்ல பாத்தியேம்மா. அப்ப இளைக்கலியா?"

"அப்ப தெருவுல நின்னே. வீட்டுக்கு வந்தாத்தானே தெரியும்."

கூடத்தில் பாலன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண்ணின் மேல் பச்சைத் துணி தொங்கியது. கணேஷ் பெட்டியை வைத்துவிட்டு நின்றான்.

"வண்டி எண்ணெயைக் குடிக்குது போல. புகை வாசனை இங்க வரைக்கும் வருது" என்றார் பாலன்.

"நாளைக்குப் பாத்துடறேம்ப்பா."

"பிஸ்டன் ரிங் போயிருக்கும். சும்மா எண்ணெயை ஊத்திக்கிட்டு இருக்காதே."

"சரிப்பா."

அவ்வளவுதான் சமாதானம். லீலா சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரைப் பொங்கலில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

கணேஷ் பெட்டியைத் திறந்தான். சிவப்பு வெல்வெட் துணியில் மூன்று வரிசையாகப் பைப்புகள் பளபளத்தன. வாயில் வைக்கும் ரப்பர் குழல்கள் வருஷக்கணக்கில் வெயில் பட்டுப் பச்சையும் பழுப்புமாகக் கிடந்தவை. இன்று அத்தனையும் மை போலக் கறுத்திருந்தன.

"கட்டையில கைய வெக்கலைப்பா. மேல மெழுகு மட்டும்தான். குழலுக்கு மட்டும் முதல்ல உப்புத்தாள், அப்புறம் பாலிஷ் போடற பஃப் சக்கரம்."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. உடைஞ்ச பைப்பு ரெண்டு வாங்கி, அதைக் கெடுத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

பாலனுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பெங்களூரில் இதற்கென்று இருப்பவர்கள்கூட சூட்டில் குழலை வளைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றாக எடுத்து ஒற்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். ஆனால் அவர் இடது கை மட்டும் மூன்றாவது வரிசையின் கடைசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே இருப்பது சின்ன, நேரான, சாதாரணப் பைப். குஜரிக் கடையில் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாலனிடம் வந்த முதல் பைப் அதுதான். இருபத்தெட்டு வருஷமாக அதைப் பற்றவைத்ததில்லை.

கணேஷ் அந்தக் கை போகும் இடத்தைப் பார்த்தான்.

"அதுதாம்ப்பா என்னைப் படுத்தி எடுத்துருச்சு. பல்லுக்குறி. மேல ரெண்டு, கீழ ரெண்டு. எந்தத் துரை கடிச்சானோ. உப்புத்தாளுக்கு அடங்கலை. கடைசியில மெழுகுவத்திச் சூட்டுல காட்டினேன், ரப்பர் தானா எழும்பி வந்துச்சு. அப்புறம்தான் தேய்ச்சேன். அது ஒண்ணுக்கே ரெண்டு மணி நேரம்."

பாலனின் கட்டை விரல் குழலின் மேல் போனது. வழுக்கிக்கொண்டு மறுமுனைக்குப் போய்விட்டது. திருப்பிப் பிடித்து அடிப்பக்கம் தடவினார். அங்கும் வழுக்கியது.

கடித்தது துரை இல்லை. கணேஷுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தான். உதயகுமார் என்று பெயர். ஹுன்சூர் குவார்ட்டர்ஸில், அப்பா மடியில் ஏறி, வாயிலிருக்கும் பைப்பைப் பிடுங்கிக் கறுக் கறுக்கென்று கடிப்பான். இரண்டு வயது முடியப் பத்து நாள் இருக்கும்போது தொண்டை அடைப்பு நோய் வந்து இரண்டே நாளில் போய்விட்டான். பிறந்த நாளன்று ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். போட்டோ இல்லை. தொத்து நோய் என்று துணிமணி, பாய், மரக்குதிரை எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். பாலன் வெளியூரில் இருந்தார். அவர் பெட்டியோடு போயிருந்ததால் பைப் மட்டும் தப்பியது.

அந்த நாலு பல் தடம்தான் அந்தப் பிள்ளை பூமியில் இருந்ததற்கு மிச்சம். பாலன் தினம் ஒரு தரம் கட்டை விரலை அதில் வைத்துப் பார்ப்பார். யாரிடமும் சொன்னதில்லை. லீலா தாங்க மாட்டாள் என்று நினைத்தார். பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படி ஒருவன் இருந்ததே தெரியாது.

உங்களுக்கு யார் மேலாவது கோபம் வந்தால் பாலன் மேல் வரட்டும். கணேஷையும் தாரணியையும் விட்டுவிடுங்கள். சொல்லி வைத்திருந்தால் யார் தொட்டிருப்பார்கள்?

"ஏதாச்சும் தெரியுதாப்பா?" என்றான் கணேஷ்.

பாலன் மகனைப் பார்த்தார். ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறான். கையெல்லாம் பாலிஷ் கறுப்பு ஏறி, நகக்கண்ணில் வெடிப்பு. ஒரு வார்த்தைக்காக நிற்கிறான். இப்போது சொன்னால் இவனும் போய்விடுவான்.

"ஒண்ணும் தெரியலை. சுத்தமாத் தெரியலை. நல்லா பண்ணியிருக்கே" என்றார்.

கணேஷ் சிரித்தான். அப்பா அவனை நல்லா பண்ணியிருக்கே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாலன் பைப்பை அதே இடத்தில் வைத்தார். உள்ளே போய் ஒரு பாட்டம் அழ வேண்டும் போல இருந்தது. ஈரம் படக் கூடாது என்ற உத்தரவு நினைவுக்கு வந்தது.

பூஜைக்குப் பத்தரை மணிக்கு எல்லாம் தயார். தையல் மெஷின், அரிவாள்மணை, தாரணியின் டைப்ரைட்டர், ஸ்கூட்டர் சாவி, நடுவில் வெல்வெட் துணியோடு பைப்புகள். வாசலில் ஸ்கூட்டருக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காய் கணேஷின் கையில் இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தரம் பிரிக்கிறவருக்கு மூக்குதான் ஆயுதம். அதனால் அதற்கும் ஒரு பொட்டு. தாரணி அப்பாவின் மூக்கு நுனியில் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். பச்சைத் துணியும் சிவப்பு மூக்குமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சும்னே இரு, பூஜை நேரத்துல" என்று கன்னடமும் தமிழுமாக அதட்டிய கணேஷும் சிரித்துவிட்டான். பாலனும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் கேட்பார்களே.

லீலா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பைப்புகளின் பக்கம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழலிலும் ஒரு பொட்டு. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. கடைசிப் பைப்பில் சுண்டு விரலை வைத்தாள்.

விரல் அங்கேயே நின்றது.

பைப்பைக் கையில் எடுத்தாள். சந்தனத்தைத் துடைத்துவிட்டுத் தடவினாள். கீழே வைத்துவிட்டுப் பக்கத்துப் பைப்பை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். மறுபடி முதல் வரிசைக்குப் போய் எல்லாவற்றையும் கலைத்துத் தேட ஆரம்பித்தாள்.

"என்னம்மா தேடறே?" என்றாள் தாரணி.

"சின்னது ஒண்ணு இருக்கும். நேரா இருக்கும். கடிச்சுக் கடிச்சு…"

"லீலா, விடு" என்றார் பாலன்.

அந்தக் குரலைக் கேட்டு அவள் நிமிர்ந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். சந்தனம் வைத்த மூக்குக்கு மேல் அந்த ஒற்றைக் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு அது தெரியுமா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க கடைக்குப் போன பிறகு எடுத்துப் பாப்பேன். சுண்டு விரல் சரியா உக்காரும்."

"நான் கட்டை விரலை வைப்பேன்."

ஒரே பெட்டி, ஒரே பைப். இருபத்தெட்டு வருஷம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எடுத்து, அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். லீலா வழவழப்பான அந்தக் குழலை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"உதயா" என்றாள். அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

கணேஷ் பூசணிக்காயைக் கீழே வைத்தான்.

"யாரும்மா உதயா?"

"உன் அண்ணன்டா."

"எனக்கு ஏதும்மா அண்ணன்?"

"டப்பாவை எடுத்து அடியில பாரு."

அவன் அலமாரி மேல்தட்டிலிருந்து தகர டப்பாவை இறக்கிக் கவிழ்த்தான். துருவுக்கு நடுவே ஆணியால் கீறிய எழுத்து. உதயகுமார், 1964. கணேஷ் பிறந்தது அறுபத்தேழில். ஸ்க்ரூ டிரைவர் பட்ட தழும்பு மூடியில் அப்படியே இருந்தது.

அம்மா சொன்னாள். அடைத்த தொண்டையையும், எரித்த மரக்குதிரையையும், எடுக்காத போட்டோவையும் சொன்னாள். கடைசியாகப் பல் தடத்தைச் சொன்னாள். கணேஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா. அன்னிக்கு, அறையறதுக்கு முன்னாடி."

"வாய் வரலைடா" என்றார் பாலன்.

"இப்ப, கொஞ்சம் முன்னாடி? நல்லா பண்ணியிருக்கேன்னு சொன்னீங்களே."

"நீ வந்திருக்கே. வேற என்னன்னு சொல்லுவேன்?"

கணேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நேத்துதான் பட்டறையைக் கூட்டிக் கழுவி விட்டேன். தேய்ச்ச தூள் எல்லாம் சாக்கடையில போயிருச்சு" என்றான். தூளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவன் அழ ஆரம்பித்தான். தாரணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பாலனின் பச்சைத் துணிக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கின் குங்குமத்தைக் கரைத்தது. லீலா முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேங்க. இத்தனை வருஷமா கேக்கலை. பொம்பளைங்க அங்க வரக் கூடாதுன்னு சொன்னாங்க, நானும் போகலை. எனக்கு இது இருந்துச்சு, போதும்னு இருந்தேன். இப்ப இதுவும் போச்சு. அவனை வெச்ச இடத்தை எனக்குக் காட்டுங்க."

அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"நீங்கதான் வருஷா வருஷம் தை மாசம் போறீங்களே. ஹுன்சூர்ல வேலைன்னு சொல்லிட்டுப் போவீங்க. எனக்குத் தெரியாதா? உங்க பையில ஒரு முழம் மல்லி வெச்சு அனுப்புவேனே. அதை எங்க வெச்சீங்களோ அந்த இடத்தைக் காட்டுங்க."

"ஏரித் தண்ணியில விட்டேன் லீலா."

"ஏன்?"

"எனக்கும் தெரியாது. அவனை எங்க வெச்சாங்கன்னு எனக்கும் தெரியாது."

லீலா அவர் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"தந்தி கிடைச்சு குண்டூர்லேர்ந்து மூணாம் நாள்தானே வந்தேன். எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கம்பெனி டிப்போ வாட்ச்மேன் சித்தையன்தான் குழந்தையைத் தூக்கிட்டுப் போனவன். வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தான். வாங்க சாமி, இடத்தைக் காட்டறேன்னான். நான் வரலைன்னுட்டேன். மண்ணைப் பாத்துட்டா அவன் போனது நிஜம்னு ஆயிடும்னு நினைச்சேன். அப்புறம் போலாம், அப்புறம் போலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் சித்தையன் வேலையை விட்டுட்டுப் போயிட்டான். பெத்த பிள்ளையை எங்க புதைச்சாங்கன்னு யாருகிட்டப் போய்க் கேப்பேன்? வெக்கமா இருந்துச்சு."

வெளியே தசரா கூட்டத்துக்காக வந்திருந்த பலூன்காரன் பீப்பியை ஊதிக்கொண்டு போனான். சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கணேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அந்தச் சித்தையன் எந்த ஊருப்பா?"

"ராமாபுரம். கொள்ளேகால் தாண்டி, ஹனூருக்கு அந்தப் பக்கம். அப்பவே நாப்பது வயசு இருக்கும்."

பூஜைத் தட்டிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். அதில் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை.

"அண்ணா, பூஜை ஆகலை. இன்னிக்கு வண்டியை எடுக்கக் கூடாது" என்றாள் தாரணி.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். அங்கேர்ந்து கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிச்சுடுவேன்."

லீலா பைப்பைப் பாலனின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சாமிக்கு வாங்கி வைத்திருந்த மல்லிகைப் பந்திலிருந்து ஒரு முழம் அளந்து வெட்டினாள். வழக்கம்போல வாழையிலையில் சுருட்டினாள். ஆனால் இந்தத் தடவை அதை யார் பையிலும் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, மாலை போட்ட ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கும்மா? நான் விசாரிச்சுட்டு வரேன்."

"போடா பேசாம. இனிமே யாரும் எனக்காகப் போய்ட்டு வர வேணாம்."

வண்டி நகர்ந்தது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. புளிப்பு வாசனை கூடத்துக்கு வந்து, பாலனின் மூக்கை எட்டியது. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் பைப் இருந்தது. கட்டை விரல் பழக்க தோஷத்தில் அதே இடத்துக்குப் போய், வழுக்கி, மறுபடி அதே இடத்துக்குப் போனது.

"அப்பா, அந்தச் சித்தையன் இப்ப உயிரோட இருப்பாரா?" என்றாள் தாரணி.

பாலனுக்கு அதுவும் தெரியாது.